குண்டூசித் துளை

இவருக்குப் பக்கவாதம் வந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. நாற்பத்திரண்டு வயதில் இது வரும் என்று யார் கண்டது? காலும் பேச்சும் ஒருவழியாகத் திரும்பிவிட்டன. அச்சகத்தில் தாள் சரிபார்க்கும் நாற்காலியும் திரும்பக் கிடைத்தது. நிம்மதிதான் திரும்பவில்லை. யாரைப் பார்த்தாலும் சந்தேகம்.

வேலை இதுதான். மருந்து அட்டைப்பெட்டி அச்சாவதற்கு முன் மெஷின்மேன் முதல் தாளைக் கொண்டுவருவார். கறை, அழிவு எதுவும் இல்லையென்றால் இவர் வலது ஓரத்தில் கையெழுத்துப் போடுவார். பிறகே மெஷின் ஓடும். சமீபத்தில் இரண்டு முறை கறை என்று சரக்கு திரும்பி வந்திருந்தது. இன்னொரு தடவை வந்தால் நாற்காலியில் வேறு ஆள் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அந்தக் கறைகளை இவர் பார்க்கவே இல்லை. பார்க்காதது எப்படி வரும்? மண்டையைக் குடைந்து கடைசியில் மெஷின்மேன்மேல் வந்து நின்றார். பதினைந்து வருஷம் ஒரே டப்பாவில் சாப்பிட்ட சிநேகிதர்தான். ஆனால் கையெழுத்தான தாளை அந்த மனிதர் மெஷினுக்குப் பின்னால் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அவர் மச்சானோ வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறான். தாளை மாற்றிவிட்டுக் கையெழுத்தையும் அச்சு அசலாகப் போட்டுவிடுகிறார் என்று இவர் முடிவு கட்டிவிட்டார்.

வீட்டிலும் இதே கதை. பாதிச் சாப்பாட்டில் மனைவி வந்து தட்டைத் திருப்பி வைப்பாள். பார்த்தால், இல்லாத காய் அங்கே இருக்கும். வேடிக்கை காட்டுகிறாளோ என்று எரிச்சல் வரும். கேட்டால், "டாக்டர் அன்னைக்கே சொன்னாரே, நீங்கதான் காதுல போட்டுக்கல" என்பாள். டாக்டர் ஆயிரம் சொல்வார்.

இவர் ரகசியமாக ஒரு பொறி வைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு கையெழுத்துக்குக் கீழேயும் குண்டூசியால் ஒரு துளை. மாற்றிய தாளில் துளை இருக்காது. ஆள் கையும் களவுமாகச் சிக்குவார்.

மூன்றாவது சரக்கும் திரும்பி வந்தது. முதலாளி அறையில் மெஷின்மேனும் நின்றிருந்தார். இவர் தாளை எடுத்து உற்சாகமாக ஜன்னல் பக்கம் பிடித்தார். கையெழுத்துக்குக் கீழே சின்னதாக வெளிச்சம் தெரிந்தது.

தாள் இவர் பார்த்ததுதான். சரி, கறை எங்கே? ஒன்றும் தெரியவில்லை. மெஷின்மேன் தாளை வாங்கித் தலைகீழாக்கிக் கொடுத்தார். வலது பக்கம் கட்டைவிரல் அகலத்துக்குக் கறை. இவர் மறுபடி திருப்பினார். இடப்பக்கம் போன கறையைக் காணவில்லை.

முதலாளி பதிவேட்டைப் புரட்டினார். மூன்றும் மெஷின்மேன் லீவில் இருந்தபோது ஓடியவை. நீங்கள் இல்லாத நாளில் மட்டும் ஏன் இப்படி என்று கேட்டார்.

"என் மெஷினை வேற ஆள் தொட்டா அப்படித்தான் சார்" என்றார் மெஷின்மேன், தரையைப் பார்த்து.

அதோடு விட்டிருந்தால் நாற்காலி பிழைத்திருக்கும். இவரால் விடமுடியவில்லை.

"இல்ல சார். எனக்கு இடது பக்கம் தெரியல. இத்தனை நாளா இவர்தான் எனக்கும் சேர்த்துப் பார்த்திருக்காரு. நான் இவரையே சந்தேகப்பட்டேன்."

நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று முதலாளி பதிவேட்டை மூடினார்.

அன்று சாப்பாட்டில் மனைவி கை நீட்டியபோது, தட்டு ஏற்கெனவே திரும்பியிருந்தது. யார் சொன்னது என்று கேட்டாள். பதில் சொல்ல வாயெடுத்தவர் அழுதுவிட்டார்.