கம்பளம் திரும்பியிருந்தது

ஊரிலிருந்து வீடு திரும்பிப் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே தையற்காரிக்குத் தெரிந்துவிட்டது, கூடத்துக் கம்பளத்தை யாரோ தலைமாடு கால்மாடாகத் திருப்பியிருக்கிறார்கள். இந்த ஆறு மாதம் வாசலிலிருந்து பார்த்தால் அது அடர்ந்த மாதுளைச் சிவப்பாகத் தெரிய வேண்டும். ஜன்னல் பக்கம் நின்றால்தான் வெளுத்துத் தெரியும். கம்பளி இழைகள் பூனை முதுகு மாதிரி ஒரே பக்கம் சாய்ந்து படுத்திருப்பதால் வருகிற வித்தை அது. இப்போது வாசலிலேயே வெளுத்துக் கிடந்தது.

வெயில் ஒரே பக்கத்தைத் தின்றுவிடக் கூடாது என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவள்தான் அதைத் திருப்புவாள். காலண்டரில் குறித்தும் வைப்பாள். மகளின் பிரசவத்துக்குக் கிளம்புவதற்கு முதல் நாள்கூடத் திருப்பிவிட்டுத்தான் போனாள். அதற்குப் பிறகு இருபது நாளும் வீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற புருஷன், அவருக்குச் சமைத்துப் போட வந்த அவருடைய அக்கா. யார் மேல் சந்தேகம் வரும், நீங்களே சொல்லுங்கள்.

நாத்தனார் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே குழந்தை யார் ஜாடை, எத்தனை எடை என்று எல்லாம் கேட்டாள். கம்பளத்தின் பக்கம் மட்டும் அவள் கண் போகவே இல்லை. தையற்காரிக்கு அதுவே போதும்.

"கம்பளத்தைத் திருப்பினீங்களா அண்ணி?"

"நான் எதுக்கும்மா அதைத் தொடப்போறேன்? அதுக்குத்தான் நீ மாமியாருக்குப் பண்ற மாதிரி பணிவிடை பண்றியே. எங்கம்மாவுக்குக்கூட நீ அவ்வளவு பண்ணதில்ல."

சாயங்காலம் புருஷன் வந்தபோது காதுக்கு மேல் பிளாஸ்திரி இருந்தது. பஸ் கதவு இடித்துவிட்டது என்றார். அவளுக்கு மனசெல்லாம் கம்பளத்தில் இருந்ததால், பார்த்துப் போகக் கூடாதா என்று சொன்னதோடு சரி.

மறுநாள் அவர் காலை ட்ரிப்புக்குப் போனதும் ஜன்னலோர சோபாவை நகர்த்தினாள். அதன் அடியில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. கம்பளியைத் தேய்க்கவே கூடாது, ஒற்றித்தான் எடுக்க வேண்டும். யாரோ பாத்திரம் துலக்குவதுபோல் வட்டவட்டமாகத் தேய்த்து, இழைகள் சிக்கி முடிச்சாகியிருந்தன. வெந்நீர் வேறு ஊற்றியிருக்கிறார்கள். அந்த இடம் மட்டும் சுருங்கி மொடமொடத்தது. வெள்ளைத் துணியைப் பச்சைத் தண்ணீரில் நனைத்து அழுத்தினாள். சாயம் என்றால் துணி சிவந்திருக்கும். இது துருவின் நிறத்தில் வந்தது.

ஊசி குத்திய விரலோடு வெள்ளைத் துணி தைத்தவளுக்கு அந்த நிறம் தெரியாதா? ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் பட்டால் அப்படியே பிடித்துக்கொள்ளும். மூன்று பிள்ளை பெற்று வளர்த்த நாத்தனாருக்கு இது தெரியும். சட்டைக் கறையிலிருந்து பஸ் கண்ணாடி வரை எல்லாவற்றுக்கும் வெந்நீரே மருந்து என்று நினைக்கிறவர் இந்த வீட்டில் ஒருவர்தான்.

துணியை நாத்தனார் முன்னால் விரித்து வைத்தாள். காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தி நின்றது.

"விழுந்துட்டான். நின்னுட்டு இருந்தவன், அப்படியே மரம் மாதிரி. டீபாய் முனை இடிச்சிருச்சு."

"எத்தனை தடவை?"

"நான் பார்த்தது ரெண்டு."

டாக்டரிடம் போனால் அவர் எழுதிக் கொடுத்துவிடுவார், அப்புறம் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள், ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருஷம்தானே என்று சொல்லித் தம்பி சத்தியம் வாங்கிக்கொண்டானாம்.

"அந்த வண்டியில நாற்பது பிள்ளைங்க வருதுங்க அண்ணி."

நாத்தனார் கத்தியைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து கம்பளத்தின் ஒரு முனையைப் பிடித்தாள். இருவருமாக அதைப் பழையபடி திருப்பிப் போட்டார்கள். கறை வாசல் பக்கம் வெளிச்சத்துக்கு வந்தது.

மதியம் அவர் பஸ்ஸைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்து சாப்பிட்டார், சற்றுக் கண்ணயர்ந்தார். இரண்டரைக்கு எழுந்து பார்த்தால் ஆணியில் சாவி இல்லை. சட்டைப்பையில் தேடினார், பிரிட்ஜ் மேல் தேடினார்.

"சாவியைப் பார்த்தியா?"

தையற்காரி தரையில் உட்கார்ந்து கம்பளத்தின் குஞ்சத்தைப் பெரிய பல் சீப்பால் மெல்லச் சீவிக்கொண்டிருந்தாள், பிள்ளைக்குச் சிக்கெடுப்பதுபோல. தலை நிமிரவில்லை.

அவர் வாசலைப் பார்த்து நடந்தார். கறையை மிதிக்காமல் தாண்டி வைத்த கால் பாதியில் நின்றது. பாதத்துக்கு அடியில், கம்பளத்துக்கும் தரைக்கும் நடுவே, ஏதோ கெட்டியாக உறுத்தியது. அவர் குனியவில்லை. காலை எடுக்கவும் இல்லை. சமையலறையில் அக்கா தாழ்ந்த குரலில், வேறு டிரைவரை அனுப்பச் சொல்லி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவர் அந்தப் பக்கமே காதைக் கொடுத்து நின்றார்.

தையற்காரி அடுத்த குஞ்சத்தைச் சீப்பில் எடுத்தாள்.