பாஞ்சாலி சொல்லாத நாலு எண்

ஒரகடம் ஸ்மார்ட் நிர்வாகக் கட்டுப்பாட்டு அறையில், மூன்றாவது மாடியில், கார்த்திகை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு முழங்கால் அளவு தண்ணீர் வந்து நின்றது. வெளியே நல்ல வெயில். கூரை ஒழுகவில்லை, குழாய் உடையவில்லை, படிக்கட்டில் சொட்டு ஈரம் கிடையாது. வடக்குப்பட்டுக் கீழ்த்தெருப் பாஞ்சாலி ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்த இடதுகால் செருப்பு ஆகாயத்தாமரையோடு மிதந்தது. மேசைகளுக்கு அடியில் கெளுத்தி மீன் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.

பாஞ்சாலி கார் ஒயர் கம்பெனியில் லைனில் நிற்பவள். கீழ்த்தெரு வீடு அவளும் புருஷன் ரகுபதியும் ஆறு வருஷம் ஓ.டி. பார்த்துக் கட்டியது. தெருத் தண்ணீர் ஏரிக்குப் போகும் கால்வாயை மூடி லாரி நிறுத்துமிடம் போட்டதிலிருந்து, மழை பெய்தால் பத்து நாள் வீட்டுக்குள் தண்ணீர். அந்த வருஷம் பின்சுவர் சினையாட்டு வயிறு மாதிரி உப்பிவிட்டது. கட்டுப்பாட்டு அறையின் செயலியில் புகார் போட்டாள். 'தெரு உலர்ந்துள்ளது' என்று பதில் வந்தது. அதை அவள் அடுப்படியில், கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றபடி படித்தாள். தண்ணீரை அளக்கும் சென்சாரை மாட்ட வந்த ஆள், ஷூ நனையுமென்று, கம்பெனி பஸ் நிற்கும் மேட்டிலேயே மாட்டிவிட்டுப் போயிருந்தான். மேட்டில் என்றைக்குத் தண்ணீர் நின்றது?

புகாரை முடிக்கப் புகார் கொடுத்தவரின் போனுக்கு ஓ.டி.பி. என்று நாலு எண் வரும். ஆபீசிலிருந்து கேட்பார்கள், ஜனங்களும் குழம்பைக் கிளறிக்கொண்டே சொல்லிவிடுவார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் திருப்தி என்று பலகை வைத்ததெல்லாம் அப்படித்தான். திங்கட்கிழமை இன்ஜினியர் ஷ்ரவண் அழைத்தான். பெரும்புதூர்க் கோயில் கைங்கர்யக் குடும்பத்துப் பையன், குரல் உயர்த்தத் தெரியாதவன்.

"அந்த நம்பர மட்டும் சொல்லிடுங்கம்மா, க்ளோஸ் பண்ணிடறேன்."

"இன்னாத்த க்ளோஸ் பண்ணுவ சார்? வூட்டுக்குள்ள மீனு நீந்திகினு கீது!"

"சிஸ்டத்துல தண்ணி காட்டலயேம்மா."

"காட்டலயா? இரு, அனுப்பி வெக்கிறேன்."

சொன்னபடி மறுநாள் அனுப்பிவிட்டாள். ஆனால் தெருவில் ஓர் அங்குலமும் குறையவில்லை.

கட்டுப்பாட்டு அறையில் மூன்று மோட்டார் வைத்து இறைத்தார்கள். டீ வருவதற்குள் தண்ணீர் திரும்பி வந்துவிட்டது. திரையிலோ எல்லாம் பச்சை. மேலதிகாரிகள் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு கூட்டம் போட்டார்கள். புகார் முடிந்தால்தான் தண்ணீர் போகும் என்று பாஞ்சாலியிடம் எண்ணைக் கேட்டுக் கெஞ்சிப் பார்த்தார்கள், பிறகு நீர்வழியில் இருக்கும் வீட்டை இடிப்போம் என்று ஆள் அனுப்பினார்கள். பாஞ்சாலி வாசல் தண்ணீரில் இறங்கி நின்றாள்.

"உங்க கம்ப்யூட்டருல இது காஞ்ச எடமாச்சே? காஞ்ச எடத்துல ஏது நீர்வழி? தண்ணி கீதுன்னு முதல்ல எழுதிக் குடு, அப்பால இடி."

எழுதித் தர யாருக்கும் தைரியமில்லை. பத்து நிமிஷத்தில் செத்துப்போக வேண்டிய அந்த நாலு எண் அவள் போனில் மாதக்கணக்காக உயிரோடு இருந்தது. போனை மாற்றினாள், புதுப் போனிலும் வந்து உட்கார்ந்துகொண்டது.

மார்கழியில் பின்சுவர் விழுந்தது. பாஞ்சாலி அழுதாள், எண்ணைச் சொல்லவில்லை. தை பிறந்ததும், ஊறி வெளுத்த காலோடு ஷ்ரவண் 'தெருவில் தண்ணீர் உள்ளது' என்று தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டான். லாரி நிறுத்துமிடத்தை உடைத்துக் கால்வாயைத் திறந்தார்கள். தெரு ஒரே மதியத்தில் வடிந்தது. மூன்றாவது மாடியில் மட்டும் கணுக்கால் வரை இறங்கி நின்றுவிட்டது.

"இப்பவாவது நம்பர சொல்லுங்கம்மா."

"அடுத்த மழ பேயட்டும் சார். பாத்துட்டு சொல்றேன்."

மூன்று மழைக்காலம் போய்விட்டது. பாஞ்சாலி சுவரைத் திரும்ப எழுப்பி நீல வண்ணம் அடித்துவிட்டாள். கட்டுப்பாட்டு அறையில் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைகிறார்கள். புதிதாகச் சேருபவர்களிடம் ஒரு துண்டு கொண்டுவரச் சொல்கிறார்கள். கெளுத்திக்கு ஷ்ரவண் பொரி போடுகிறான். ஐப்பசி நெருங்கி, காலடியில் தண்ணீர் லேசாக ஏறத் தொடங்கியதும், யாரும் புகார் கொடுக்காமலே, அத்தனை பேரும் மண்வெட்டியோடு இறங்கி வடக்குப்பட்டுக் கால்வாயைத் தூர் வாரப் போய்விடுகிறார்கள்.