தப்பு எங்கே என்று கேட்டவள்

பேருந்துப் பணிமனையில் ஓட்டுநர் வேலை கிட்டத்தட்ட அவள் கைக்கே வந்துவிட்டது. குறுக்கே நின்றவை நான்கு கம்பங்கள்தான். அவற்றுக்கு நடுவே பேருந்தைப் பின்பக்கமாக எடுத்து நிறுத்திக் காட்ட வேண்டும். மூன்று முறை தேர்வுக்குப் போய், மூன்று முறையும் ஏதாவது ஒரு கம்பத்தைச் சாய்த்துவிட்டு வந்தாள். மாதக் கடைசியில் நான்காவது தேர்வு. அதிலும் கோட்டைவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். அப்புறம் ஆயுசுக்கும் இப்போதுபோலவே நீச்சல் குளத்தின் ஓடுகளைத் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். குளத்தில் எல்லோருக்கும் அவள் 'அக்கா'.

அக்காவின் நாத்தனார் அதே பணிமனையில் எட்டு வருஷமாக ஓட்டுநர். வீடும் அடுத்த தெருதான். ஆனால் வாயைத் திறந்தாலே கேலி. அவளிடம் போய் நிற்பதாவது என்று அக்கா வீராப்பாக இருந்தாள். விடுமுறை நாளில் பயிற்சி வண்டியை எடுத்துக்கொண்டு, காலி மைதானத்தில், யார் கண்ணிலும் படாமல் பழகினாள். நேராக ஓட்டுவதில் அவள் புலி. அதனால் நேராகவே ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் குளத்துக்கு ஒரு வீராங்கனை பயிற்சிக்கு வந்தாள். நாட்டுக்காகப் பதக்கம் வாங்கிய பெண். கண்குளிரப் பார்க்கலாம் என்று அக்கா காத்திருந்தால், அவள் நீந்தவே காணோம். சுவருக்குப் பத்தடி முன்னால் கிளம்புவாள், தண்ணீருக்குள் குட்டிக்கரணம் போட்டு, சுவரை உதைத்துத் திரும்புவாள். சரியாக வராது. மூக்கில் தண்ணீர் ஏறி இருமுவாள். மறுபடி அதே பத்தடி. நாற்பது தடவையாவது இருக்கும். இதற்கா பதக்கம் கொடுத்தார்கள் என்று அக்காவுக்குத் தோன்றியதும் உண்மை.

பயிற்சியாளர் வெளியே போன நேரத்தில் அந்தப் பெண் சுவரோரம் தேய்த்துக்கொண்டிருந்த அக்காவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, பக்கத்துலயே இருக்கீங்கல்ல. நான் எங்க தப்புப் பண்றேன்னு பாத்துச் சொல்றீங்களா?"

"எனக்கு நீச்சலே தெரியாதும்மா."

"கண்ணு இருக்குல்ல. அது போதும்."

ஐந்து தடவை பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கி, சுவர் வந்துவிட்டதா என்று ஒவ்வொரு முறையும் தலையைத் தூக்குகிறாய் என்றாள். முகம் சுளிக்கப்போகிறாள் என்று பயந்தால், அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. நன்றி சொல்லிவிட்டு மறுபடி பத்தடி தள்ளிப் போனாள்.

அன்று முழுக்க அக்காவுக்கு மனசு கூசியது. பதக்கம் வாங்கியவளே தன் குறையைக் குளம் தேய்க்கிறவளிடம் கேட்கிறாள். கம்பம் சாய்க்கிறவளுக்கு என்ன வீராப்பு? சாயங்காலம் நேரே நாத்தனார் வீட்டுக்குப் போய், எனக்குப் பின்னால் எடுக்க வரவில்லை, கூட வந்து பார்க்கிறாயா என்று கேட்டுவிட்டாள். கேலிக்குக் காத்து நின்றாள். நாத்தனார் அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். மைதானத்தில் அக்கா ஒரு முறை பின்னால் எடுத்ததுமே சொன்னாள்.

"பயத்துல ஸ்டியரிங்க மொதல்ல ஒடிச்சிடுறீங்க அண்ணி. அப்புறம்தான் கண்ணாடியப் பாக்குறீங்க."

அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த அவ்வளவு போக மூன்று வாரம் ஆயிற்று. நேராக ஓட்டவே விடவில்லை. பின்பக்கம், பின்பக்கம், பின்பக்கம் மட்டும். கம்பங்களோடு உங்களுக்கு என்ன பங்காளிச் சண்டையா என்ற கேலியும் கூடவே வந்தது. இப்போது அது அக்காவுக்கு உறைக்கவில்லை.

நான்காவது தேர்வில் ஒரு கம்பமும் சாயவில்லை. முடிவைச் சொன்னதும் குளத்துப் பெண்ணை நினைத்து மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள். வெளியே காத்திருந்த நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு, நீ இல்லாவிட்டால் எனக்கு இது இல்லை என்றாள்.

நாத்தனார் கேலி செய்யவில்லை. மதில் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மொத டெஸ்ட் அன்னிக்கே இந்த மதிலுக்கு வெளிய நின்னு பாத்தேன் அண்ணி. எங்க தப்புன்னு அப்பவே தெரியும். சொன்னா என்கூடப் பேசாம போயிடுவீங்களோன்னு பயம்."

"மூணு தடவையும் வந்தியா?"

"மூணு தடவையும்தான்."

அக்கா நடுத்தெரு என்றும் பாராமல் நாத்தனாரைக் கட்டிக்கொண்டு அழுதாள்.