மூழ்குகிறவரிடம் பெயர் கேட்டவன்

என் அண்ணன் கடற்படையின் மீட்பு நீச்சல் தேர்வில் தோற்றதற்குக் காரணம் எங்கள் அப்பா. இதை அவரே ஒப்புக்கொண்டுவிட்டதால் தைரியமாகச் சொல்கிறேன்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவில் எங்கே லிஃப்ட் நின்றாலும் அவருக்குத்தான் போன் வரும். போனதும் மோட்டாரைப் பார்க்க மாட்டார். கதவு இடுக்கில் வாயை வைத்து, "உள்ள இருக்கறவங்க பேர் என்னங்க?" என்று கேட்பார். கத்திக்கொண்டிருக்கும் ஆள் பெயரைச் சொல்வதற்காகக் கத்தலை ஒரு நொடி நிறுத்தியாக வேண்டும். அந்த நொடியில் பாதி பயம் இறங்கிவிடும் என்பது அவருடைய இருபத்தாறு வருட அனுபவம். மீதிப் பாதியை அவர் லிஃப்டோடு சேர்த்து இறக்கிவிடுவார்.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஐந்து வயதில் நான் துணி அலமாரிக்குள் மாட்டிக்கொண்டு அலறியபோது, அப்பா வெளியே நின்று நிதானமாக என் பெயரைக் கேட்டார். அந்தப் பெயரை வைத்தவரே அவர்தான். சொன்ன பிறகுதான் திறந்தார்.

அண்ணனுக்கு வீட்டில் தக்கை என்று பெயர். எப்படித் தூக்கிப் போட்டாலும் தண்ணீருக்கு மேலே வந்துவிடுவான். இப்படிப்பட்டவனைக் கடற்படை முதல் இரண்டு வருடம் கப்பலின் அடித்தட்டில் ஒரு கிடங்கில் வைத்திருந்தது. கயிறு, பெயின்ட் டப்பா, துடைக்கிற துணி. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ஏழு ஏணி ஏற வேண்டும். ஹெலிகாப்டரிலிருந்து குதித்து ஆளைக் காப்பாற்றும் பிரிவுக்கு அவன் மனுப் போட்டது வீர சாகச ஆசையால் அல்ல, காற்றோட்ட ஆசையால் என்பது என் கருத்து. வீட்டில் யாரும் இதை ஏற்கவில்லை.

பயிற்சி பதினாறு வாரம். அண்ணன் அனுப்பிய கால அட்டவணையை அப்பா ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். காலை ஐந்தரைக்கு அவன் தண்ணீரில் இறங்குகிறான் என்று அதில் போட்டிருந்ததால், அம்மா ஐந்தரைக்கு எழுந்து சமையலறை ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

"நீ முழிச்சிருந்து என்ன பண்ணப் போற?" என்பார் அப்பா, தானும் முழித்திருந்தபடி.

"தூங்கி மட்டும் என்ன பண்ணப் போறேன்?"

பன்னிரண்டாவது வாரம் ஒரு தேர்வு. பயிற்சியாளர் நீச்சல் குளத்தின் ஆழமான பக்கத்தில் மூழ்குகிறவராக நடிப்பார். மாணவன் நீந்திப் போய் அவரைக் கரை சேர்க்க வேண்டும். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் முதலை. பிடித்தால் விட மாட்டார்.

அந்த வாரக் கடைசியில் அண்ணன் எட்டு நாள் விடுப்பில் வந்தான். பையைக் கீழே வைக்கவில்லை, அதற்குள் அப்பா கேட்டுவிட்டார்.

"எப்படிடா போச்சு?"

"முதலைகிட்ட பேர் கேட்டேன்பா."

அப்பாவின் முகத்தில் முதலில் ஒரு பெருமை வந்தது. "சொன்னாரா?"

"சொல்லல. என் தலை மேல ஏறி உக்காந்துட்டாரு."

மூழ்குகிறவனை எதிரே போய் அணுகக் கூடாது, பின்பக்கமாகப் போக வேண்டும் என்பது முதல் வார முதல் பாடம் என்று அண்ணனே விளக்கினான். எதிரே போனால் அவன் உன்னை ஏணி என்று நினைத்து ஏறுவான்.

"தெரிஞ்சும் ஏன்டா கேட்ட?" என்றாள் அம்மா.

"யோசிக்கவே இல்லம்மா. ஆள் கத்தினாரு. வாய் தானா கேட்டுடுச்சு."

இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. விடுப்பு முடிந்து போன மறுநாள். அதிலும் தோற்றால் மறுபடியும் ஏழு ஏணிக்குக் கீழே, பெயின்ட் டப்பாக்களோடு.

அப்பா கைகழுவப் போவது போல எழுந்து போனார். அரை மணி நேரம் கை கழுவினார்.

அன்றிலிருந்து அவர் வேலையிலும் யாரிடமும் பெயர் கேட்பதில்லை. அந்த வாரமே பல் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் ஒரு பெண் வக்கீல் மாட்டிக்கொண்டார். அப்பா ஒரு வார்த்தை பேசாமல் வேலை பார்த்து அவரை இறக்கிவிட்டார். மறுநாள் அலுவலகத்துக்குப் புகார் வந்தது. 'வெளியில் ஏதோ பிராணி இரும்பைச் சுரண்டுவது போன்ற சத்தம் மட்டும் நாற்பது நிமிடம் கேட்டது' என்று எழுதியிருந்தார். இருபத்தாறு வருடத்தில் அப்பாவின் மேல் வந்த முதல் புகார்.

"வழக்கம்போல பேச வேண்டியதுதானே?" என்றேன்.

"பேசித்தான் ஒருத்தன் வாழ்க்கையைக் கெடுத்தாச்சே," என்றார் அப்பா.

அண்ணனுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு மூழ்குகிறவர் தேவைப்பட்டார். பொது நீச்சல் குளம் மதியம் இரண்டு மணிக்குக் காலியாக இருக்கும். குளத்துக் காவலர் மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எதற்கெடுத்தாலும் விசில் ஊதுவார். ஓடினால் விசில், குதித்தால் விசில். அவருக்கு விசிலண்ணன் என்று பெயர் வைத்தேன். முதலில் அப்பா இறங்கினார். நீச்சல் தெரியாது என்பதால் மார்பளவுத் தண்ணீரில் நின்றபடி மூழ்கினார்.

"ஆரம்பிங்கப்பா."

"தம்பி, நான் மூழ்கறேன்," என்று தகவல் சொன்னார் அப்பா.

"கத்தணும்பா. என்னைப் பிடிச்சு அமுக்கணும்."

அப்பா மகனின் தோளில் கை வைத்தார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரை எழுப்புவது போல இருந்தது. அண்ணன் விலக்கினான். உடனே இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். பத்து முறை இதே நடந்தது. கரையில் ஸ்டாப்வாட்ச்சோடு இருந்த நான் பத்து மன்னிப்புக்கும் நேரம் குறித்தேன்.

"தள்ளுங்க," என்றாள் அம்மா. "உங்களுக்கு மூழ்கவும் தெரியல."

அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். மெஷின் கெட்டுப்போகிற நாட்களில் ஈரப் போர்வைகளைக் கையால் பிழிவாள். பிழிந்த போர்வை காயப் போடுவதற்கு முன்பே பாதி காய்ந்திருக்கும். நீச்சலும் தெரியும். ஆழத்துக்குப் போய், "ஐயோ! யாராவது வாங்களேன்! என் புள்ள எங்க போனான்?" என்று ஒரு குரல் கொடுத்தாள். விசிலண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

அண்ணன் பழக்கதோஷத்தில் எதிரே போனான். அம்மா அவன் கழுத்தைக் கட்டினாள். இதற்கும் பாடத்தில் வழி உண்டு. பிடித்துவிட்டால் பிடித்தவரோடு சேர்ந்து நீயும் கீழே போய்விட வேண்டும். மூழ்குகிறவனுக்குத் தேவை காற்று. நீ கீழே போனால் அவன் உன்னை விட்டுவிட்டு மேலே போவான்.

அண்ணன் கீழே போனான். அம்மாவும் கூடப் போனாள். ஸ்டாப்வாட்ச் இருபது நொடி காட்டியது. முப்பது காட்டியது. முப்பத்தெட்டில் இரண்டு தலையும் சேர்ந்து மேலே வந்தன. கை கழுத்திலேயே இருந்தது.

"விடணும்மா!" அண்ணன் இருமினான். "கீழ போனா விட்டுடணும்! எல்லாரும் விட்டுடுவாங்க!"

"நீ கீழ போறப்ப நான் எப்படிடா விடுவேன்?"

"நீ மூழ்கற ஆளு! உனக்கு நான் யாரோ!"

"அதெப்படி யாரோ?"

இந்த விவாதம் இரண்டு நாள் நடந்தது. அண்ணன் போகிற ஆழத்துக்கெல்லாம் அம்மா போனாள். அப்பா கரையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவ்வப்போது, "பேர் மட்டும் கேட்டுடாதடா," என்றார்.

மூன்றாம் நாள் அண்ணன் கேட்காமல், பேசாமல், பின்பக்கமாகப் போனான். அம்மா திரும்பிப் பிடித்தாள். கீழே போனார்கள். இந்த முறை தண்ணீருக்குள்ளேயே அவன் அம்மாவின் கட்டைவிரலை மடக்கி, முழங்கையை மேலே தள்ளி, அவளைச் சுழற்றி, முதுகுப்பக்கமாக அணைத்து மேலே கொண்டு வந்தான். கரைக்கு இழுத்து வர இருபத்திரண்டு நொடி. மன்னிப்பு இல்லை.

விசிலண்ணன் விடாமல் ஊதினார். "குடும்பச் சண்டையெல்லாம் வீட்டுல வெச்சுக்கங்க! தண்ணிக்குள்ள என்ன அடிதடி? இனிமே நீங்க யாரும் இங்க வரக் கூடாது!"

அம்மா படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். கட்டைவிரல் தக்காளி போல வீங்கிக்கொண்டிருந்தது. "இப்பத்தான் சரியா பண்ணினான்," என்றாள் விசிலண்ணனிடம், நற்சான்று கொடுப்பது போல.

மறுநாள் சலவைக்கூடத்துச் சூப்பர்வைசர் விரலையும் கையில் கன்றிப்போயிருந்த நீலத்தையும் பார்த்துவிட்டு, யார் அடித்தது என்று தனியே அழைத்துக் கேட்டார். பெரிய பையன் என்றாள் அம்மா. அவனுக்கு அது பாடத்தில் இருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னாள். அதன் பிறகு அங்கே எல்லாரும் அவளிடம் மிகவும் அன்பாக நடந்துகொண்டார்களாம்.

அண்ணன் தேறிவிட்டான். முதலையின் பிடியை அவிழ்க்கப் பதினொரு நொடி ஆனது. "அம்மாவுக்கு அப்புறம் அவரெல்லாம் ஒரு ஆளா?" என்றான் போனில். அம்மா வீங்கிய விரலைத் தடவிக்கொண்டாள். அப்பா ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த அட்டவணையின் ஓரத்தை மறுபடி ஒட்டினார். வேலையில் மட்டும் அவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது புகாரும் வந்திருந்தது.

முதல் பணியிடம் வடக்கே ஒரு விமானத் தளம். போய் ஐந்து வாரம் வரைக்கும் ஆளைக் காப்பாற்றச் சொல்லி ஒரு அழைப்பும் அவனுக்கு வரவில்லை. ஹெலிகாப்டரைக் கழுவுவதாகச் சொன்னான். ஆறாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, போன் வந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"நேத்து இறங்கினேன்மா. மீன்பிடிப் படகு கவுந்துடுச்சு. ஒருத்தரு தனியா மிதந்துகிட்டு இருந்தாரு."

"பிடிச்சாரா?"

"பின்னாடிதான் போனேன். ஆனாலும் திரும்பிப் பிடிச்சுட்டாரு. அவிழ்த்துட்டேன். உன் அளவுக்கு இல்லம்மா."

"ஆள் நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்காரு. பெல்ட்டுல மாட்டி மேல அனுப்பியாச்சு."

அப்பா நாற்காலியில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்க மாட்டார் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"அப்பா இருக்காரா?" என்றான் அண்ணன்.

"இருக்கேன், சொல்லு."

"பெல்ட் மாட்டறப்ப அவருக்கு உடம்பெல்லாம் நடுங்கிச்சுப்பா. கையை வேற உதறிகிட்டே இருந்தாரு, மாட்டவே விடல. அதனால பேர் கேட்டேன்."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அறிவு இருக்காடா உனக்கு? சொன்னாரா?"

"சொன்னாரு. உதறறதை நிறுத்திட்டு சொன்னாரு. அதுக்குள்ள மாட்டிட்டேன்."

"என்ன பேரு?"

"மேல ஹெலிகாப்டர் சத்தம்பா. எனக்கு ஒண்ணுமே கேக்கல."

அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். "பரவால்ல," என்றார். "அவருக்குக் கேட்டிருக்கும்."

பிறகு மேசையிலிருந்த தன் போனை எடுத்துப் பார்த்தார். தபால் ஆபீஸ் கட்டடத்திலிருந்து மூன்று தவறிய அழைப்புகள். பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் கூடப் போனேன், எனக்கு வேறு வேலை இல்லை. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் யாரோ கதவை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா பையைக் கீழே வைத்தார், முட்டி போட்டார், கதவு இடுக்கில் வாயை வைத்தார்.