நாலு எண்ணி முடியும்வரை

பல் டாக்டரின் கிளினிக்குக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அன்றைக்குத்தான் அங்கே சத்தம் அதிகம். நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் நாற்காலிகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, உள்ளறையிலிருந்து டிரம்ஸை இழுத்துப் போடுவான் தம்பி. அக்கா பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டுவாள். டாக்டர் வரவேற்பு மேசைமேல் கீபோர்டை வைத்துக்கொண்டு, வாரம் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்த்த அலுப்பெல்லாம் தீர வாசிப்பார். எதிர்ச் சுவரில், சொத்தைப் பல் எப்படி உண்டாகிறது என்று ஆறு படங்களில் விளக்கும் ஒரு சுவரொட்டி. பத்து வருஷமாக அதுதான் அவர்களுடைய ஆஸ்தான ரசிகர்.

அந்த ஊரில் அவ்வளவுதான் கிடைக்கும். வருஷத்துக்கு நாலைந்து தடவை ஏதாவதோர் ஆபீஸ் ஆண்டுவிழாவுக்குக் கூப்பிடுவார்கள். தெரிந்த பாட்டு வாசிக்கிறவரை எல்லாம் நன்றாகப் போகும். சொந்தப் பாட்டு ஒன்றை ஆரம்பித்தால் போதும், கூட்டம் மொத்தமும் சாப்பாட்டுப் பந்திப் பக்கம் நகர்ந்துவிடும். தம்பிக்கு அதெல்லாம் உறைக்காது. லிஃப்ட் மெக்கானிக் அவன். ஆறு நாள் லிஃப்ட் குழிக்குள் கிரீஸும் கையுமாகக் கிடப்பவனுக்கு ஏழாவது நாள் ஆசை தீர அடித்தால் போதும், மனைவி, இரண்டு வயது மகள் என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடுவான். அக்காவுக்குத்தான் உறைக்கும். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்பக்கத்தில், லென்ஸை ஃபிரேமுக்குத் தகுந்தபடி தேய்க்கும் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவள் அவள். இயந்திரம் சுற்றி முடிக்கிற நேரத்திலெல்லாம் அவள் விரல்கள் மேசை விளிம்பில் எதையாவது வாசித்துக்கொண்டிருக்கும். நரம்பு எதுவும் இழுக்கிறதா அம்மா என்று முதலாளி இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு பாடகி போனில் கூப்பிட்டாள். நாட்டின் மறுகோடியில் இருந்து. ரயிலில் முழுசாக இரண்டு நாள். அங்கே ஒரே தெருவில் ஐந்து அரங்குகள் உண்டு, சாதாரணச் செவ்வாய்க்கிழமைகூட ஆட்கள் நின்றுகொண்டே பாட்டுக் கேட்பார்கள், புதுப் பாட்டு என்றால் விலகிப் போகாமல் கிட்டே வருவார்கள் என்றெல்லாம் அக்கா படித்திருக்கிறாள்.

"நீங்க இன்டர்நெட்ல போட்ட பாட்டு ஒண்ணு கேட்டேன்" என்றாள் பாடகி. "பேஸ் யாருன்னு தேடிப் பிடிச்சு நம்பர் வாங்கினேன். எங்ககூட வாசிச்சவர் வெளிநாடு போறார். நீங்க வர்றீங்களா? என் வீட்லயே ஒரு ரூம் சும்மா கிடக்கு."

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "யோசிச்சுச் சொல்லட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"அடுத்த திங்கக்கிழமைக்குள்ள சொல்லுங்க. நான் ஒரு பாட்டு அனுப்புறேன், அதுக்கு வாசிச்சு அனுப்புங்க. எங்க ஆளுங்களும் கேக்கணும்ல."

ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கில் விஷயத்தைச் சொன்னாள். டிரம்ஸில் ஒரு திருகை முடுக்கிக்கொண்டிருந்த தம்பி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"போக்கா" என்றான்.

அவ்வளவுதான். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டாவது சொல்லியிருக்கலாம். இருபது வருஷம் ஒன்றாக வாசித்தவனுக்கு, அக்கா போகிறேன் என்றால் கொஞ்சம் முகமாவது வாட வேண்டாமா? அவளுக்குச் சுருக்கென்றது. டாக்டர், "நல்ல விஷயந்தானேம்மா, கூப்பிட்டுக் குடுக்கிறாங்க" என்று சொன்னார். சொல்லிவிட்டு அன்று முழுக்கத் தப்பாகவே வாசித்தார்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்ததும், பாடகி அனுப்பிய பாட்டைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் நாலு தட்டு. டக், டக், டக், டக். அதன்பிறகு பாட்டு. சின்னப் பிள்ளையும் ஆரம்பித்துவிடும். ஆனால் அவள் நாலாவது தட்டிலேயே வாசிக்கத் தொடங்கிவிட்டாள். ஒரு தட்டு முந்திக்கொண்டு, முதல் வரி முழுக்க முட்டி மோதி, இரண்டாவது வரியில்தான் பாட்டோடு போய்ச் சேர்ந்தாள். மறுபடி போட்டாள். மறுபடியும் அதே கூத்து. ஆறு தடவை. ஆறு பதிவையும் அப்படியே அனுப்பிவைத்தாள்.

இதற்குக் காரணம் வேறு யாருக்கும் புரியாது. அந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு மட்டும் புரியும். அப்பாவுக்கு அச்சகத்தில் ராத்திரி வேலை. பகல் முழுக்கத் தூங்குவார். பிள்ளைகள் இரண்டும் மூச்சுவிடாமல் இருக்க வேண்டும். மாமா கழித்துக்கட்டிய பழைய கிட்டாரை மின்சாரம் இல்லாமலே மடியில் வைத்து அவள் மீட்டுவாள். ஒன்பது வயசுத் தம்பி தலையணையில் இரண்டு மரக்குச்சிகளால் அடிப்பான். ஒண்ணு, ரெண்டு என்று வாய்விட்டு எண்ணினால் அப்பா எழுந்துவிடுவார். அதனால் தம்பி தாடையை லேசாகத் தூக்கி இறக்குவான். தாடை இறங்கும் கணத்தில் இருவரும் ஆரம்பிப்பார்கள். வளர்ந்து, சொந்தமாகச் சம்பாதித்து, அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்து, எழுப்பிவிட யாருமே இல்லாமல் போன பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை. சைகை கிடைத்ததும் பாய்வதுதான் அவளுக்குத் தெரியும். நாலு எண்ணி முடியும்வரை காத்திருந்து ஆரம்பிப்பது தெரியாது. டாக்டரைக் கேட்டால், "நீங்க ரெண்டு பேரும் எப்ப கிளம்புவீங்கன்னே தெரியாதும்மா, ஓடுற பஸ்ல ஏறுற மாதிரி நான் ஏறிக்குவேன்" என்பார்.

பாடகி அன்பாகத்தான் பதில் அனுப்பியிருந்தாள். வாசிப்பு பிரமாதம், எல்லாருக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் ஒவ்வொரு தடவையும் ஏன் முந்திக்கொள்கிறீர்கள், இங்கே நாங்கள் எண்ணித்தானே ஆரம்பிப்போம் என்று. அக்காவுக்கு அவமானமாக இருந்தது. முப்பத்திரண்டு வயசில் நாலு எண்ணத் தெரியவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? மறுநாள் கடையில் ஒரு லென்ஸை அளவுக்கு மீறித் தேய்த்துத் தொலைத்தாள். ஐந்து வருஷத்தில் அவள் பாழாக்கிய முதல் லென்ஸ் அதுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்த தம்பியிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். "நான் போகலடா. வரலைன்னு சொல்லிடப் போறேன்."

"ஏன்?"

"வேணாம்னு தோணுது. விடேன்."

"யாரு காதுல பூ சுத்துற? போன வாரம் உன் மூஞ்சியில இருந்த வெளிச்சத்தை நான் பார்க்கலையா?"

வேறு வழியில்லாமல் அந்த ஆறு பதிவுகளையும் போட்டுக் காட்டினாள். முதல் பதிவில் அவள் முந்திக்கொண்டு விழுந்ததைக் கேட்டதும் தம்பிக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. இரண்டாவதுக்கும் சிரித்தான். மூன்றாவதில் அடங்கிவிட்டான். ஆறாவதுவரை அப்படியே கேட்டான்.

"உண்மையைச் சொல்லட்டுமா?" என்றான். "நீ போகலன்னு சொன்னதும் எனக்கு ஒரு நிமிஷம் அப்பாடான்னு இருந்துச்சு. இப்ப இதைக் கேட்டா என்னையே எனக்குப் பிடிக்கலக்கா. இது என்னால வந்தது."

"உன்னால என்ன? அப்பா தூங்கினதுக்கு நீ என்ன பண்ணுவ?"

"சின்ன வயசுல சரி. அப்புறம் நான் எண்ணியிருக்கலாம்ல. எண்ணல. தாடையை ஆட்டினா உலகத்துல உனக்கு மட்டும்தான் புரியும். அது எனக்குப் பெருமையா இருந்துச்சு."

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவாள் போலிருந்தது.

"நாளைக்கு மத்தியானம் டாக்டர்கிட்ட சாவி வாங்குறேன்" என்று எழுந்தான் தம்பி. "எண்ணிப் பழகுவோம். வரலைன்னு சொல்றதுன்னா அதுக்கப்புறம் சொல்லு."

சனிக்கிழமை மதியத்தோடு கிளினிக் மூடிவிடும். அரை நாள் லீவு போட்டுவிட்டு, இரண்டு மணிக்கு இரண்டு பேரும் உள்ளே இருந்தார்கள். தம்பி டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து, தாடையை விறைப்பாக வைத்துக்கொண்டு வாய்விட்டு எண்ணினான். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." நாலிலேயே பாய்ந்தாள் அக்கா. தன்னை அறியாமல் அவன் தாடை இறங்கியிருந்தது. டிரம்ஸைத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தான். மறுபடியும் பாய்ந்தாள்.

"இப்ப எதைப் பார்த்து வந்த? நான் திரும்பித்தானே உக்காந்திருக்கேன்."

"உன் கழுத்து சொல்லிடுதுடா."

டாக்டரின் வெள்ளைக் கோட்டை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்து பார்த்தான். ஆணியில் மாட்டிய துணி மாதிரி இருந்தான். அவளுக்குச் சிரிப்பில் விரலே ஓடவில்லை. சிரித்து முடித்து ஆரம்பித்தால், கோட்டுக்குள் அவன் மூச்சு இழுப்பது கேட்டு அதிலேயே பாய்ந்துவிட்டாள். கடைசியில் அவன் கோட்டை வீசிவிட்டு எழுந்தான். உள்ளே எக்ஸ்ரே எடுக்கும் அறைக்குள் போய்க் கனமான கதவைச் சாத்திக்கொண்டான்.

"கேக்குதா?" என்று உள்ளேயிருந்து கத்தினான்.

"குரல் மட்டும் கேக்குது."

"அதான் வேணும். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."

பாய்ந்தாள். நிறுத்தினாள். மறுபடி. நிறுத்தினாள். விரல் நுனி சிவந்துவிட்டது. பார்க்க முகமில்லை, கழுத்தில்லை, மூச்சுச் சத்தமில்லை. எட்டாவது தடவையா பத்தாவது தடவையா, அவளுக்கே நினைவில்லை. கதவுக்குப் பின்னால் அவன் நாலு சொன்னான். அவள் கை அசையாமல் நின்றது. நாலு முழுசாக முடிந்தது. அதற்குப் பிறகு விழ வேண்டிய இடத்தில் விழுந்தது முதல் சுரம்.

நிறுத்தத் தோன்றவில்லை. அவர்களுடைய சொந்தப் பாட்டு அது, ஆபீஸ் விழாக்களில் கூட்டத்தைப் பந்திக்கு அனுப்பிவைக்கிற அதே பாட்டு. துணைக்கு டிரம்ஸ் இல்லை, கீபோர்டு இல்லை. தனியாகக் கடைசிவரை வாசித்தாள். முடித்த பிறகும் கதவு திறக்கவில்லை.

"டேய், சரியா வந்துச்சுடா. கேட்டியா?"

போய்க் கதவைத் திறந்தாள். எக்ஸ்ரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான் தம்பி. கண்ணெல்லாம் நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"என்னடா ஆச்சு?"

"நீ வாசிச்சு நான் கேட்டதே இல்லக்கா" என்றான். "இருபது வருஷமா கூடவேதான் இருக்கேன். ஆனா நீ வாசிக்கிறப்பல்லாம் நானும் அடிச்சுட்டுல்ல இருப்பேன். எங்க கேக்குறது? இவ்வளவு நல்லா வாசிப்பியா நீ?"

அக்கா அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஒரு வாரமாக மென்று முழுங்கிக்கொண்டிருந்தது இப்போது வாய்க்கு வந்துவிட்டது. நாலு எண்ண வராததுகூட ஒரு சாக்குத்தான். போகவேண்டுமென்றால் இதை அவனிடம் சொல்லியாக வேண்டும், சொன்னால் அவன் நொந்துபோவான் என்பதுதான் அவளைப் பிடித்து வைத்திருந்தது.

"எனக்கு ஞாயித்துக்கிழமை மட்டும் போதலடா" என்றாள். "உனக்குப் போதும், டாக்டருக்குப் போதும். உங்ககூட வாசிக்கிறது பிடிக்காம இல்ல. உன்னை மாதிரி எனக்கு யாரு இருக்கா? ஆனா போதல. ரொம்ப நாளாவே போதல."

அவன் தலையாட்டினான். வலித்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. அவன் அதை மறைக்கவும் இல்லை.

"அன்னைக்கு யோசிக்காம போன்னு சொல்லிட்டேனே, அதுக்குக் கோவமா இருந்தியா?"

"பின்ன? குப்பையைக் கொட்டுற மாதிரி சொன்ன."

"ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா போகாதன்னு சொல்லியிருப்பேன். நீயும் போகமாட்ட. எனக்குத் தெரியும்."

அவள் அவன் தலையைக் கலைத்துவிட்டாள், சின்ன வயசில் செய்வதுபோல. கிரீஸ் வாசனை அடித்தது.

"நான் போறேன்டா."

"ம்."

"வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது வருவேன்."

"வராட்டி லிஃப்டுல வெச்சுப் பூட்டிடுவேன்" என்றான். குரல் சரியாக வரவில்லை. முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்து கூடத்துக்குப் போனான். அவளும் பின்னாலேயே வந்தாள். அவன் டிரம்ஸ் பக்கம் போகவில்லை. சுவரோரம் இருந்த நாற்காலிகளில் ஒன்றை இழுத்து, அவளுக்கு எதிரே, கூடத்தின் நடுவில் போட்டு உட்கார்ந்தான்.

"இன்னொரு தடவை வாசி."

"நீ அடிக்கலையா?"

"மாட்டேன். கேக்கப் போறேன்."

அவள் கிட்டாரை மாட்டிக்கொண்டாள். "சரி, எண்ணு."

"நீயே எண்ணிக்கோ. அங்க நான் இருக்க மாட்டேன்ல."

அக்கா எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலு முடிகிறவரை பொறுத்திருந்து ஆரம்பித்தாள். தம்பி கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு விரலைக்கூட அசைக்காமல், கடைசிவரை கேட்டான்.