கண்ணாடி ஓடு

பாடசாலை அபிவிருத்திக் குழுவின் தலைவர் என்ற முறையில் நீங்கள்தான் போர்த்த வேண்டும் என்று சொல்லி, பள்ளி அதிபர் ஷிரானி பொன்னாடையை ஞானப்பிரகாசத்தின் கையில் கொடுத்தார். இருபது வருடங்களாக அந்தப் பள்ளிக்கூடத்தில் எந்த விழா நடந்தாலும் பொன்னாடை அவர் தோளுக்குத்தான் வரும். இன்று மடித்தபடி கைக்கு வந்திருக்கிறது. போர்த்த வேண்டிய தோள், அவருக்குக் கீழே தேயிலைக் கொழுந்து பறித்த இலட்சுமியின் மகளுடையது.

இரத்தோட்டைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் அவர் வேலையாட்களை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்றவர். குடையோடு அவர் மலைக்குள் இறங்கினால் பெண்களின் பேச்சு நின்றுவிடும். அப்படிப்பட்டவர் மண்டபத்துக்குள் நுழைந்தபோது, முன்வரிசையில் அவர் வழக்கமாக அமரும் நாற்காலியில் இலட்சுமி இருந்தாள். பழக்கத்தில் பாதி எழுந்தவள், என்ன நினைத்தாளோ, மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

"இங்கின வாங்கய்யா. பக்கத்துல எடம் இருக்கு."

அவர் முதுகு வளையாமல் உட்கார்ந்தார். பின்வரிசையில் யாரோ கிசுகிசுத்தார்கள்.

"மொகத்தப் பாருடி. கவ்வாத்து வெட்டி மொட்டையாக்குன மலை மாதிரி."

"மெதுவாப் பேசு. இன்னைக்கும் அரை நாள் கூலிப் பேர வெட்டிருவாரு."

மேடையோரம் அவருடைய மகள் மதுஷிகா, அப்பள்ளியின் விஞ்ஞான ஆசிரியை, நுணுக்குக்காட்டியை மேசையில் வைத்து வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடையில் இலட்சுமியின் மகள் சர்மிளா. பத்தாம் வகுப்பில் மதுஷிகாவின் பழைய கொப்பிகளைக் கேட்டு அவர் வீட்டுப் பின்வாசலில் நின்றவள். இப்போது அந்தாட்டிக்காவில் கடலாய்வு முடித்து வந்திருக்கிறாள். அவள் நின்ற இடத்தில் தன் பிள்ளையை மனதுக்குள் நிறுத்திப் பார்த்தார் ஞானப்பிரகாசம். அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. அதுதான் நெஞ்சுக்குள் எரிந்தது.

"நாம விடுற பொகையில ஒரு பங்கு கடலுக்குள்ள கரையுது," என்றாள் சர்மிளா. "குளிர்ந்த தண்ணி கூடுதலா இழுத்துக்கும். கொஞ்சங் கொஞ்சமா அமிலத் தன்மை ஏறும். நாங்க அந்தக் கடல் தண்ணிய பெரிய தொட்டிகள்ல நெரப்பி, இன்னும் நூறு வருசத்துல எப்படி ஆகுமோ அப்படி வாயுவ ஏத்திப் பாத்தோம். கண்ணாடி ஓட்டுக்குள்ள வாழுற பாசி ஒன்னு இருக்கு, டையட்டம்னு பேரு. அதுக்கு ஓடு மெலிஞ்சிருச்சு. அதவிடப் பொடிசா இருக்கிறதெல்லாம் பெருகிருச்சு. டையட்டத்தத் தின்னுற கூனி எறாலுக்கு அப்புறம் என்ன மிஞ்சும்? எறாலத் தின்னுற திமிங்கிலத்துக்கு?"

பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். ஞானப்பிரகாசம் கேட்கவில்லை. பதினொரு வருடத்துக்கு முந்திய ஒரு கடிதம் அவர் கண்முன் நின்றது. பல்கலைக்கழகத்தில் மீன்வளமும் கடலியலும் படிக்க மதுஷிகாவுக்கு வந்த கடிதம். "கணக்கப்பிள்ளை மக மீனுக்குப் படிக்கிறான்னு சந்தையில சிரிக்கவா?" என்று கேட்டு அதை வேதாகமத்துக்குள் வைத்து மூடிவிட்டார். மகள் ஆசிரியப் பயிற்சிக்குக் கல்வியியற் கல்லூரிக்குப் போனாள். மறுவருடம் அதே போன்ற கடிதம் சர்மிளாவுக்கு, இலட்சுமியின் லயத்து வீட்டுக்கு வந்தது. மகளை அனுப்பலாமா என்று இலட்சுமி வந்து கேட்டாள். "ஒம் மகளுக்கு மீன் கழுவத் தெரியும்தானே, போகட்டும்," என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் புரியாமல் இலட்சுமி கும்பிட்டுவிட்டுப் போனாள். இல்லை, புரிந்துதான் கும்பிட்டாளோ?

கேள்வி கேட்கலாம் என்று அதிபர் சொன்னதும் அவர் எழுந்தார். மண்டபம் அடங்கியது.

"மண்ணுல அமிலம் ஏறிப் புளிச்சா நாங்க என்ன செய்றோம்? கவ்வாத்து வெட்டுன மலைக்கு டொலமைட் போடுறோம். மாத்தளையிலயே வெட்டி எடுக்கிற சுண்ணாம்புக் கல்லு. அதக் கொண்டுபோய்க் கடல்ல கொட்டுனா முடிஞ்சிதே. இதுக்கா அம்புட்டுத் தூரம்?"

சிலர் சிரித்தார்கள். மதுஷிகா தலை குனிந்தாள். சர்மிளா சிரிக்கவில்லை.

"நல்ல கேள்விங்கய்யா. அந்த மாதிரிக் கல்லப் பொடியாக்கிக் கடல்ல கரைச்சா என்னன்னுதான் இப்ப யோசிச்சிக்கிட்டிருக்காங்க. ஆனா அந்தப் பொடி உசுருகளுக்கு அது என்ன செய்யும்னு இன்னும் சரியாத் தெரியல." முன்வரிசையில் இருந்த இலட்சுமியைப் பார்த்தாள். "அம்மா சொல்லுவாங்க. டொலமைட் போடுறப்ப ஐயா அளவுக் கோப்பையோட பக்கத்துல நிப்பாராம். அள்ளிக் கொட்டாதீங்க, செடி தாங்காதுன்னு சொல்லுவாராம். அந்தப் பேச்சு எனக்கு அங்க அடிக்கடி ஞாபகம் வரும்."

கைதட்டல் எழுந்தது. இலட்சுமியும் தட்டினாள். குத்திக் காட்டப் போன அவர் கையில் ஒரு மரியாதையை வைத்து அனுப்பிவிட்டாள் சர்மிளா. அவளை முகம் பார்த்து வெறுக்கக்கூட இடமில்லை. அந்த அளவுக் கோப்பையைப் பற்றித் தன் மகளிடம் ஒரு நாளாவது பேசியிருக்கிறோமா என்று அவர் யோசித்தார். நினைவு வரவில்லை.

"மதுக்கா," என்று சர்மிளா மேடையிலிருந்து இறங்கினாள். "ஒங்க கொப்பியில பென்சிலால வரைஞ்சிருந்தீங்களே, வட்டமா, ஓட்டை ஓட்டையா. நான் மொத மொத பாத்த டையட்டம் அதுதான். இப்ப நெசத்தப் பாருங்க."

ஒரு கண்ணாடித் தகட்டை நுணுக்குக்காட்டியின் கீழ் செருகினாள். மதுஷிகா தயங்கினாள். ஒருமுறை அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள்.

"அய்யோ," என்றாள். மெல்லிய குரல். அப்படி ஒரு குரலை அவர் தன் வீட்டில் வெகு காலமாகக் கேட்டதில்லை.

"இன்னுங் கொஞ்சம் எடது பக்கம் தள்ளுங்கக்கா. ஒன்னு ஒடைஞ்சிருக்கும், தெரியுதா?"

"தெரியுது. இரு, பேசாத."

"ஐயா, நேரமாகுதுங்க," என்று அதிபர் காதருகே சொன்னார்.

ஞானப்பிரகாசம் எழுந்து போனார். மடிப்பைப் பிரித்தார். சரிகைக் கரை இரண்டு கைகளுக்கும் நடுவே விரிந்து தொங்கியது. மேசையருகே தோளோடு தோள் உரச இரண்டு முதுகுகள் குனிந்திருந்தன. இரண்டும் நிமிரவில்லை. பொன்னாடையை ஏந்திய கை வலிக்கத் தொடங்கியது. அவர் அதைத் தாழ்த்தாமல் நின்றார்.