மூத்தாளின் நேர்ச்சுவர்

அவள் கல்யாணமாகி வந்தபோதே அந்த வீட்டில் ஒரு மூத்தாள் இருந்தாள். கறுப்பு நிறம், ஒரு விரல் நீளம், கெட்டி ரப்பர். கணவன் தன் கிளாரினெட்டில் செருகி ஊதும் மவுத்பீஸ்தான் அது. நாடக அரங்கின் வாத்தியக் குழுவில் சேர்ந்த நாளிலிருந்து அவன் வேறொரு மவுத்பீஸை வாயில் வைத்ததில்லை. மூத்தாள் என்று பெயர் வைத்தது அவள்தான். அவன் அதை மறுக்கவில்லை என்பதுதான் உறுத்தல்.

அவளுக்குத் தொழிலே மவுத்பீஸ். அவள் அண்ணனின் பட்டறைக்கு வெளியூரிலிருந்து பிளாங்க்குகள் வரும். அதாவது உருவம் மட்டும் வந்து, ஊதும் பதம் வராத ரப்பர்க் கட்டைகள். ஊதும்போது அதிர்ந்து ஒலி தரும் மெல்லிய நாணல் பட்டையான ரீடு ஒட்டி உட்காரும்படி அவற்றைத் தேய்த்து முடிப்பது அவள் வேலை. தேய்த்துத் தேய்த்து ஒன்று பிடிபட்டது. வெளியே எவ்வளவு இழைத்தாலும், பிளாங்க்கின் வயிற்றில் இருப்பதுதான் நாதமாக வரும். வந்த பிளாங்க்குகளின் உள்ளறையில், மூத்தாளுக்குள் இருப்பது போலவே, பக்கச் சுவர்கள் நேராக நின்றன. நாதம் தாராளமாக வந்து நாலாபுறமும் சிதறியது. சுவர்களை மேலே நெருக்கிக் கீழே விரித்து, கூடாரம் போல் அமைத்தால் நாதம் ஒன்றுகூடும் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு ரப்பர் உருளையைக் குடைந்து, வெளியே அசல் மூத்தாள் மாதிரி, உள்ளே கூடாரமாக, ஒன்றைச் செய்தும் விட்டாள்.

இதற்கு அச்சு வெட்டி நம் பிளாங்க்கை நாமே வார்க்கலாம் என்றாள் அண்ணனிடம். அவர் மோவாயைச் சொறிந்தார்.

"மாப்பிள்ளை ஊதிப் பாத்து நல்லாருக்குன்னு சொல்லட்டும்மா. அடுத்த நிமிஷம் அச்சுக்குச் சொல்லிடறேன். இல்லேன்னா இந்தப் பேச்சை விட்டுடணும்."

மாப்பிள்ளைக்கு நேர்ச்சுவர் என்றால் உயிர். கூடாரமெல்லாம் மழைக்கு ஒதுங்கத்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தவன். ஒரே ஆறுதல், அவனுக்குப் பொய் வராது. மாமியார் வைத்த குழம்பைக்கூட அவர் முகத்துக்கு நேரே விமர்சித்தவன்.

பட்டறையில் துண்டால் அவன் கண்ணைக் கட்டினார்கள். முதல் சுற்று ஊதாமலேயே முடிந்தது. ஒன்றை வாயில் வைத்ததுமே தன்னுடையது என்றான், அடுத்ததை அவளுடையது என்றான். இரண்டும் சரி. அண்ணன் அசந்துபோனார். அவள் அசரவில்லை. மூத்தாளின் முதுகில் அவன் மேல்பற்கள் பதிந்து பதிந்து இரண்டு குழிகள் விழுந்திருந்தன. காது சொல்ல வேண்டிய தீர்ப்பைப் பல் சொல்லிவிட்டது.

பல் வழுக்காமலிருக்க மவுத்பீஸின் முதுகில் ஒட்டும் ரப்பர்த் துண்டு பட்டறையில் நிறையக் கிடந்தது. இரண்டிலும் தடிமனாக ஒட்டினாள். ஒரே ரீடை மாற்றி மாற்றிப் பூட்டிக் கொடுத்தாள்.

முதலாவதை ஊதியதும் அவன் முகம் மலர்ந்தது.

"இதான் என் மூத்தாள். தூக்கத்துல குடுத்தாக்கூடச் சொல்லுவேன் மச்சான். மேல போனாலும் நாதம் எப்படிக் கட்டா நிக்குது பாருங்க."

இரண்டாவதற்கு உதட்டைப் பிதுக்கினான்.

"இது உன் கூடாரம். தப்பா எடுத்துக்காத. கீழ பரவால்ல, மேல போனா செதறுது. சுவரை இன்னும் கொஞ்சம் நெருக்கிருக்கணும்."

அண்ணன் திடீரென்று இருமினார். அவள் கண்கட்டை அவிழ்த்தாள். அவன் கையிலிருந்த இரண்டாவது மவுத்பீஸின் ரப்பர்த் துண்டை நகத்தால் உரித்தாள். அடியில் இரண்டு குழிகள்.

அவன் குழிகளைப் பார்த்தான். சொந்தப் பல்லையே சந்தேகிப்பவன் போல நாக்கால் ஒருமுறை தடவிக்கொண்டான்.

"பாவம்," என்றான் கடைசியில். "அவளுக்கும் வயசாகுதுல்ல."

அண்ணன் அச்சு வெட்டுகிறவருக்குப் போன் போட எழுந்து போனார். போனில் பேசியதைவிடச் சிரித்ததுதான் அதிகம்.

அன்று மாலை உள்ளறையிலிருந்து, வீட்டின் உள்ளறையிலிருந்துதான், நாதம் சிதறாமல் வந்தது. எட்டிப் பார்த்தவளிடம், சும்மா ஒப்பிட்டுப் பார்க்கத்தான் என்று கேட்காமலே விளக்கம் சொன்னான். ஒப்பிடுவதற்கான மூத்தாள் பெட்டிக்குள் மூடிக் கிடந்தாள்.

சில வாரம் கழித்து ஒரு நாள் புது மவுத்பீஸைக் கழுவ எடுத்தாள். முதுகு ரப்பரில் லேசாக இரண்டு குழிகள். மாற்றி ஒட்டலாம் என்று புதுத் துண்டு ஒன்றைக் கையில் வைத்திருந்தாள். அதைத் திரும்ப டிராயரில் போட்டுவிட்டு, குழிகளைச் சுற்றி மட்டும் பதமாகத் துடைத்து வைத்தாள்.